முத்திரை ஏந்தும் நொதி

வீடு கட்டுவோர் முதலில் சாரம் கட்டுவர். தளம் இறுகியபின் அதனைப் பிரித்துவிடுவர். உரிய நாளுக்கு முன்னரே பிரித்தால் தளம் சரியும். பிரிக்காமலே விட்டால் வீட்டில் குடிபுக இயலாது. உயிரணுக்களிலும் இத்தகைய வேலை இடையறாது நடைபெறுகின்றது. அங்குக் கட்டப்படுவனவும் பிரிக்கப்படுவனவும் புரதங்களே. புரதம் உண்டாகும் முறையை அறிஞர் பலர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அது சிதையும் முறையை ஆராய்ந்தவர் மிகச் சிலர். பழையது அழிவதில் ஆராய்வதற்கு என்ன இருக்கின்றது என்று எண்ணினர் போலும்!

ஆயினும் ஒரு புதிர் அறிஞர் சிலரை உறுத்திக்கொண்டே இருந்தது. உண்ட உணவிலுள்ள புரதம் வயிற்றில் சிதைவதற்கு உயிரணுவின் ஆற்றல் தேவைப்படுவதில்லை. உயிரணுவினுள் இருக்கும் புரதம் சிதைவதற்கோ ஆற்றல் செலவாயிற்று. கட்டுவதற்கு ஆற்றல் வேண்டும்; இடிப்பதற்கும் எதற்கு? இசுரேல் நாட்டு ஹைஃபா நகரில் ஆவ்ரம் ஹெர்ஷ்கோவும் அவர் மாணவர் ஆரன் சிகனோவரும், அமெரிக்காவில் இர்வின் ரோஸும் 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் இதற்கு விடை கண்டனர். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது முயலின் முதிராச் செங்குருதி அணுக்களின் சாறு. மூவருக்கும் 2004-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

அவர்கள் கண்டது இது. யுபிக்விடின் என்பது 76 அமினோ அமிலங்களால் ஆகிய சிறு புரதம். அழிய வேண்டிய புரதத்தின்மேல் அது முத்திரைபோல் ஒட்டப்படுகின்றது. ஒட்டும் வேலையை மூவகை நொதிகள் பகிர்ந்துகொள்கின்றன. முதல் நொதி ஆற்றலைச் செலவிட்டு யுபிக்விடினை முடுக்கிவிடும். இரண்டாவது அதனை வாங்கி ஏந்தி நிற்கும். மூன்றாவது, அழிய வேண்டிய புரதம் எது எனத் தெரிந்து, அதனை ஏந்தி நிற்கும் நொதியின் அருகே சேர்க்கும். முத்திரைகள் சங்கிலியாகத் தொடர்ந்ததும் அப்புரதம் புரோட்டியசோம் என்னும் குழல் போன்ற அமைப்பினுள் இழுக்கப்பட்டுத் துண்டு துண்டாகும். முத்திரைகள் மட்டும் கழற்றப்பட்டு மீண்டும் பயன்படுகின்றன. உயிரணுவின் சிக்கனத்தை என்னென்பது!

இதற்கிடையே, 1982-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்கரை ஊராகிய வுட்ஸ் ஹோலில் டிம் ஹன்ட் என்னும் ஆங்கிலேய அறிஞர் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். முட்டை பிளவுறுவதற்கு முன் ஒரு புரதம் படிப்படியாகப் பெருகிற்று. பிளவுறும் வேளையில் திடீரென மறைந்தது. அடுத்த பிளவுக்கு முன் மீண்டும் பெருகிற்று. அதற்குச் சைக்லின் என்று பெயரிட்டார். உயிரணு இரண்டாகப் பிரிவதும் ஒரு புரதம் அழிவதும் ஒரே வேளையில் நிகழ்ந்தது தற்செயல் அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் இரட்டையாகும். இரட்டைகளைப் பிணைத்திருக்கும் வளையத்தை வெட்டுவதற்கு ஒரு நொதி உண்டு. செக்யூரின் என்னும் காவற்புரதம் அதனைக் கட்டி வைத்திருக்கும். சைக்லினும் செக்யூரினும் குறித்த வேளையில் அழிந்தால்தான் இரட்டைகள் பிரிந்து இருபுறமும் செல்ல இயலும். அவற்றின்மேல் ஒட்டுவதற்கு முத்திரையை ஏந்தி வரும் நொதியே யு.பி.சி.எச்.10. மனித உடலில் ஏறத்தாழ 40 ஏந்தும் நொதிகள் உள்ளன. இந்நொதி அவற்றுள் ஒன்று. 179 அமினோ அமிலங்களே உடைய சிறிய நொதி.

இதனை மனிதத் திசுவிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று. மிகச் சிறிய அளவிலேயே இருப்பதோடு, ஆயிரக்கணக்கான பிற புரதங்களோடும் கலந்து கிடக்கும். ஆதலின் அறிஞர் இதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்குகின்றனர். இந்நொதிக்குரிய மரபுச் செய்தியைப் படியெடுத்து, வளையமான ஒரு டி.என்.ஏ.-வில் பொருத்தி, ஈ. கோலை என்னும் பாக்டீரியாவினுள் புகுத்துகின்றனர். நல்ல உணவு கிடைத்தால் அப்பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களில் இரட்டிக்கும். போதுமான அளவு பெருகியதும் ஒரு வேதிப்பொருளை இட்டுக் குறிப்புணர்த்த, அது மனித நொதியை ஆக்கத் தொடங்கும். நொதியின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின்களை வாலாக முன்னரே சேர்த்திருப்பர். அவ்வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். எனவே பாக்டீரியாவை உடைத்து, அதன் சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகளின் வழியே செலுத்தினால், ஏனைய புரதங்கள் பெரும்பாலும் ஒழுகிவிடும், இந்நொதி தங்கிவிடும். ஈ. கோலையில் யுபிக்விடின் முறையே இல்லை. ஆதலின் அதிற் பெறும் நொதியில் இவ்வகையைச் சேர்ந்த வேறு நொதி கலந்திருக்குமோ என்னும் ஐயத்துக்கும் இடமில்லை.

செய்தியை எழுதும் உரிமை கைக்கு வந்தபின் அதனைத் திருத்தியும் எழுதலாம் அன்றோ? இந்நொதியின் 114-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதிலுள்ள கந்தக அணுவே யுபிக்விடினை ஏந்தும் கை. அவ்விடத்தில் செரினை வைத்தால் கந்தகத்திற்குப் பதிலாக ஆக்சிஜன் அமையும். மாறுவது ஓர் அணுவே. 1997-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், இவ்வாறு மாற்றிய நொதியை உயிரணுக்களில் மிகுதியாகத் தோன்றச் செய்தனர். சைக்லின் அழியவில்லை. குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக வந்து நின்றன, பிரியவில்லை.

குறைவு மட்டுமன்றி மிகுதியும் கேடே. பலவகைப் புற்றுக்கட்டிகளில் இந்நொதி அளவுக்கு மீறிக் காணப்படுகின்றது. இதனை மிகுதியாக உண்டாக்குமாறு செய்யப்பட்ட எலிகளில் குரோமோசோம்கள் பிழையாகப் பங்கிடப்பட்டன, கட்டிகளும் தோன்றின. இவ்வுண்மை 2010-ஆம் ஆண்டு வெளியாயிற்று. புரோட்டியசோமையே தடுக்கும் போர்டிசோமிப் என்னும் மருந்து, எலும்பு மச்சையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கென 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது அழிக்கும் குழலையே அடைப்பதால், பற்பல புரதங்களின் அழிவை ஒருசேரத் தடுக்கின்றது. குழலை அடையாமல், முத்திரை ஏந்தும் ஒரு கையை மட்டும் பிடித்து நிறுத்தும் மருந்தைத் தேடுவோருக்குத் தூய நொதி வேண்டும். பாக்டீரியாவில் ஆக்கிய நொதியைச் சோதனைக் குழாயில் இட்டு, முதல் நொதியையும் யுபிக்விடினையும் ஆற்றல்தரும் பொருளையும் சேர்த்து, ஆராயும் மருந்துப்பொருளையும் கலப்பர். பின்னர் முத்திரை நொதியின்மேல் ஏறியதா இல்லையா என்று பார்ப்பர்.