நரம்புத் தொகுதியும் தெறிவினையும்



க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளில் நரம்புத் தொகுதி பற்றி வினவும்போது பலர் உறுப்புகளின் பெயர்களைச் சரியாக எழுதுகின்றனர். ஆயினும் தகவல் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று கேட்டால் தடுமாறுகின்றனர். எனவே இப்பாடத்தை ஒரு தகவல் செல்லும் பாதையாக விளங்கிக்கொள்வோம். பாதை விளங்கினால் பெயர்கள் தாமாகவே ஞாபகத்தில் நிற்கும்.

1. நரம்புத் தொகுதியின் பிரிவுகள்

மனித நரம்புத் தொகுதி இரு பிரதான பிரிவுகளைக் கொண்டது.

(அ) மைய நரம்புத் தொகுதி – மூளை, முண்ணாண்
(ஆ) சுற்றயல் நரம்புத் தொகுதி – மூளையிலிருந்து வெளிவரும் 12 சோடி மண்டையோட்டு நரம்புகள், முண்ணாணிலிருந்து வெளிவரும் 31 சோடி முண்ணாண் நரம்புகள்

மூளையை மண்டையோடும் முண்ணாணை முள்ளந்தண்டும் பாதுகாக்கின்றன. இவ்வென்புகளுக்கு உள்ளே மூன்று மென்சவ்வுகளும், அதிர்ச்சியைத் தாங்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளும் உள்ளன.

2. நரம்புக் கலம்

நரம்புத் தொகுதியின் கட்டமைப்பு அலகு நரம்புக் கலம் ஆகும். இதில் கருவைக் கொண்ட கலவுடலும், தகவலைக் கலவுடலை நோக்கிக் கொண்டுவரும் கிளைத்த சிறு முளைகளும், தகவலைக் கலவுடலிலிருந்து அப்பால் கொண்டுசெல்லும் அக்சன் என்னும் நீண்ட முளையும் உள்ளன. முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம் வரை செல்லும் அக்சன் ஒன்று வளர்ந்தவர்களில் ஒரு மீற்றர் அளவு நீளமாக இருக்கும்.

தொழிலின்படி நரம்புக் கலங்கள் மூவகைப்படும்.

• புலன் நரம்புக் கலம் – வாங்கியிலிருந்து மைய நரம்புத் தொகுதிக்குக் கணத்தாக்கத்தைக் கொண்டுசெல்லும்.
• இடைத்தூது நரம்புக் கலம் – மைய நரம்புத் தொகுதியினுள் அமைந்து ஏனைய கலங்களை இணைக்கும்.
• இயக்க நரம்புக் கலம் – மைய நரம்புத் தொகுதியிலிருந்து தசைக்கோ சுரப்பிக்கோ கணத்தாக்கத்தைக் கொண்டுசெல்லும்.

இரு நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி உண்டு. இவ்விடம் நரம்பிணைப்பு எனப்படும். அக்சன் நுனியிலிருந்து வெளிவிடப்படும் இரசாயனப் பொருள் இவ்விடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தைத் தூண்டும். அப்பொருள் ஒரு பக்கத்திலிருந்தே வெளிவிடப்படுவதால் தகவல் ஒரு திசையில் மட்டுமே செல்லும்.

3. மூளையின் பிரதான பகுதிகள்

மூளையம்: சிந்தித்தல், ஞாபகம், பேச்சு, புலன்களை உணர்தல், விரும்பிச் செய்யும் இயக்கங்கள்.
மூளி: உடற் சமநிலையைப் பேணல், தசை இயக்கங்களை இயைபாக்கல்.
நீள்வளைய மையவிழையம்: இதயத் துடிப்பு, சுவாசம், குருதியமுக்கம், விழுங்கல், இருமல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தல்.

கவனிக்க: சைக்கிள் ஓடும்போது விழாமலிருக்க உதவுவது மூளி. எந்த ஒழுங்கையால் திரும்ப வேண்டும் என்று தீர்மானிப்பது மூளையம். நித்திரையிலும் சுவாசம் நிற்காமல் காப்பது நீள்வளைய மையவிழையம். பிடரியில் ஏற்படும் பலத்த அடி உயிருக்கு ஆபத்தாவதற்கு இப்பகுதி அங்கு அமைந்திருப்பதும் ஒரு காரணம்.

4. முண்ணாண்

வளர்ந்தவர்களில் முண்ணாண் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் நீளமானது. குறுக்குவெட்டில் நடுவே வண்ணத்துப்பூச்சி வடிவில் நரைநிறப் பொருளும், அதைச் சூழ வெண்ணிறப் பொருளும் காணப்படும். (மூளையத்தில் நரைநிறப் பொருள் வெளிப்புறத்தில் உள்ளது. இவ்வேறுபாட்டை ஞாபகத்தில் வைத்திருங்கள்.)

முண்ணாண் நரம்பு ஒவ்வொன்றும் இரு வேர்களால் முண்ணாணுடன் இணைகிறது. முதுகுப்புற வேர் வழியாகப் புலன் தகவல் உள்ளே வரும். வயிற்றுப்புற வேர் வழியாக இயக்கத் தகவல் வெளியே செல்லும். இதனைப் பிரான்சிய உடற்றொழிலியலாளர் மஜெண்டி 1822 இல் பரிசோதனை மூலம் காட்டினார்.

முண்ணாணின் தொழில்கள் இரண்டு:
(அ) உடலுக்கும் மூளைக்கும் இடையே கணத்தாக்கங்களைக் கடத்தல்
(ஆ) தெறிவினைகளுக்கு மையமாக அமைதல்

இவ்விரண்டும் வெவ்வேறான தொழில்கள். இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே வாசியுங்கள்.

5. தெறிவினை

குசினியில் அடுப்பிலிருக்கும் தாச்சியின் சூடான பிடியில் தவறுதலாகக் கை படுகிறது. யோசிப்பதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. இவ்வாறு தூண்டலொன்றுக்கு உடனடியாகவும் விருப்பின் தலையீடு இன்றியும் காட்டப்படும் தூண்டற்பேறு தெறிவினை எனப்படும். இதில் கணத்தாக்கம் செல்லும் பாதை தெறிவில் ஆகும்.

தோலிலுள்ள வாங்கி → புலன் நரம்புக் கலம் → முண்ணாணிலுள்ள இடைத்தூது நரம்புக் கலம் → இயக்க நரம்புக் கலம் → விளைவுகாட்டி (புயத் தசை)

பலர் விடும் தவறு இதுதான்: "வலியை உணர்ந்த மூளை கையை எடுக்குமாறு கட்டளையிட்டது" என எழுதுகின்றனர். இது பிழை. கையை விலக்கும் கட்டளை முண்ணாணிலிருந்தே புறப்படுகிறது. அதேவேளை முண்ணாணின் ஊடாக மேலேறும் மற்றொரு கணத்தாக்கம் மூளையத்தை அடைந்த பின்னரே வலியை உணர்கிறோம். பாதை குறுகியதாக இருப்பதால் காயம் பெரிதாகுமுன் கை தப்பிவிடுகிறது.

முழங்காற் சில்லின் கீழ் தட்டும்போது கால் முன்னோக்கி உதைப்பதும் தெறிவினையே. ஆனால் தொடைத் தசையை இயக்கும் இப்பாதையில் இடைத்தூது நரம்புக் கலம் இல்லை. புலன் நரம்புக் கலம் நேரடியாக இயக்க நரம்புக் கலத்துடன் இணைகிறது.

6. பாதை துண்டிக்கப்பட்டால்

முறிந்த என்பு பொருந்தும். ஆனால் முண்ணாணில் துண்டிக்கப்பட்ட அக்சன்கள் மீண்டும் வளர்ந்து பழையபடி இணைவதில்லை. பனை, தென்னையிலிருந்து விழுந்தவரின் அல்லது மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவரின் முள்ளந்தண்டு உடைந்திருந்தாலும் முண்ணாண் தப்பியிருக்கலாம். உதவும் எண்ணத்துடன் அவரைத் தூக்கி இருத்துவதும், முச்சக்கர வண்டிக்குள் மடித்து ஏற்றுவதும் உடைந்த என்பு முண்ணாணை நசிக்கக் காரணமாகலாம். வேறு ஆபத்து இல்லாவிடின் கழுத்தையும் முதுகையும் அசையவிடாமல் அவரைக் கிடந்தபடியே வைத்து, 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். பரீட்சை முடிந்த பின்னும் இப்பந்தியை மறக்க வேண்டாம்.

7. மாதிரி வினா

விபத்தொன்றில் ஒருவரின் முண்ணாண் நெஞ்சு மட்டத்தில் முற்றாகத் துண்டிக்கப்பட்டது. சில மாதங்களின் பின் அவரது முழங்காற் சில்லின் கீழ் தட்டியபோது கால் உதைத்தது. ஆயினும் தட்டியதை அவர் உணரவில்லை. விரும்பியபோது காலை அசைக்கவும் முடியவில்லை. காரணம் தருக.

விடை:
(i) இத்தெறிவினையின் மையம் முண்ணாணில் காயத்துக்குக் கீழே உள்ளது. அத்தெறிவில் சிதைவடையாமையால் கால் உதைத்தது.
(ii) மூளையத்துக்குச் செல்லும் புலன் பாதை துண்டிக்கப்பட்டமையால் அவர் உணரவில்லை.
(iii) மூளையத்திலிருந்து கீழிறங்கும் இயக்கப் பாதை துண்டிக்கப்பட்டமையால் விரும்பிக் காலை அசைக்க முடியவில்லை.

முண்ணாணின் இரு தொழில்களும் வெவ்வேறானவை என்று மேலே கூறியதன் பொருள் இப்போது விளங்கும். இனிப் புத்தகத்தை மூடிவிட்டு, தாச்சியில் பட்ட கையின் தெறிவில்லை வரைந்து, ஐந்து பகுதிகளையும் பெயரிடுங்கள். ஒவ்வோர் அம்புக்குறியும் எத்திசையை நோக்குகிறது என்பதையும் சரிபாருங்கள்.