தியானத்துக்கு எந்தக் கருவி?

கேள்வி: தினமும் காலையில் அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். துணைக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா, மூளை அலையைக் காட்டும் தலைப்பட்டை வாங்கலாமா?
– வாசகி, புவனகிரி

பதில்: தலைப்பட்டை வேண்டாம். மியூஸ் போன்றவை நெற்றியிலும் காதருகிலும் படும் உணரிகளால் மூளையின் மின் அலையைப் பதிவு செய்கின்றன. ஆனால் தாடை இறுகினாலும், இமை துடித்தாலும் அந்தப் பதிவு குழம்பும். விலையும் அதிகம்.

வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. ‘மன அழுத்தம்’ என்று அது தரும் எண், துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாட்டை வைத்துச் செய்யும் ஊகம்தான். முந்தைய இரவு தூக்கம் கெட்டாலே அது மாறும். அந்த எண்ணைத் துரத்தத் தொடங்கினால் தியானம் பரீட்சையாகிவிடும்!

உங்களுக்கு அதிர்வு அலாரம் உள்ள சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் போதும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டுங்கள். நேரம் முடிந்ததைச் சத்தமில்லாமல் சொல்லும். போனை அடுத்த அறையில் வைத்துவிடலாம். இதுதான் பெரிய லாபம்.

வள்ளலார் 1872-இல் தொடங்கிய சத்திய ஞான சபை உங்கள் மாவட்டத்திலேயே, வடலூரில் இருக்கிறது. பேண்ட் வாங்கும் முன் ஒருநாள் அங்கே போய் அமர்ந்து பாருங்கள். அதன்பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள்.