மருந்து பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி...



ஹாஸ்டலுக்கு வந்த பிறகு வீட்டிலிருந்து வரும் போன் கால்களில் பாதி "சாப்பிட்டியா?" என்பதாக இருக்கும். எனக்கு மீதிப் பாதி மீன் தொட்டியைப் பற்றியது. போன வருஷம் இன்டர்னல் நேரத்தில் தங்கச்சி கூப்பிட்டாள். "அண்ணா, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன பண்றது?"

நான் யோசிக்கவே இல்லை. "கடையில நீல மருந்து கேட்டு வாங்கி ஊத்து"ன்னு சொல்லிட்டு லேபுக்கு ஓடிட்டேன். மறுநாள் காலையில் மூன்று மோலி, இரண்டு கப்பி செத்து மிதந்தன. போனில் அவள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

அவள் மேல் தப்பே இல்லை. மூன்று நாள் முன்னாடி "தொட்டியை நல்லா கழுவி வை"ன்னு சொன்னது நான்தான். அவள் சொன்னபடியே ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும் வரை பிழிந்து, கூழாங்கல்லோடு மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, போர் தண்ணி நிரப்பியிருக்கிறாள். மீன்களைக் கொன்றது நோய் இல்லை, என்னோட அரைகுறை அறிவு. அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதல் கேள்வி: எல்லா மீனுமா, ஒரு மீனா?

புரோகிராம் ஓடலைன்னா முதலில் எரர் மெசேஜைப் படிப்போம் இல்லையா? இங்கேயும் அதே கதைதான். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில், ஓரிரு நாளுக்குள் சோர்ந்து போனால் சந்தேகம் முதலில் தண்ணீர் மேல் விழ வேண்டும். ஒரு மீனில் ஆரம்பித்து, நாட்கள் போகப் போக அடுத்தடுத்த மீனுக்குப் பரவினால் தொற்று நோயாக இருக்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகை. நான் மருந்து சொன்னதோ இரண்டாவது வகைக்கு!

ஃபில்டருக்குள்ள யார் இருக்காங்க?

மீன்கள் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேற்றும். மிச்சம் கிடக்கிற தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். நல்ல வேளையாக, ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். நைட்ரேட்டால் அவ்வளவு ஆபத்து இல்லை, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும்.

புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுதாக வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சை வெயிலில் காய வைத்தால் ஒரே நாளில் காலி. பார்க்க அழுக்கு மாதிரி தெரிந்தாலும், அந்தப் பழுப்பு நிறப் படலம்தான் தொட்டியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

இதில் பிஹெச் ஒரு வில்லன். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனியால் பெரிய தீங்கில்லை, அயனியாகாத அம்மோனியாதான் கொல்லும். 25 டிகிரி செல்சியஸில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 சதவீதம்தான் விஷ வடிவம். பிஹெச் 8 ஆனால் 5 சதவீதத்தைத் தாண்டும். ஒரே ஒரு புள்ளி கூடினதுக்குக் கிட்டத்தட்ட பத்து மடங்கு! எங்கள் போர் தண்ணியின் பிஹெச் 8. மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

அப்போ அவசரத்துக்கு என்ன செய்யணும்?

மருந்து வேண்டாம். தண்ணீரை மாத்துங்க.

1. தீனியை ஓரிரு நாள் நிறுத்துங்கள். பெரிய மீன் அதற்குள் பட்டினியால் சாகாது.
2. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே சூட்டில் இருக்கும் புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு தடவை பாதி மாற்றினால் அம்மோனியா பாதியாகும், இன்னொரு தடவை மாற்றினால் கால்வாசி. முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியே மீனைக் கொல்லலாம்.
3. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம். அது பாக்டீரியாவையும் காப்பாற்றும்.
4. காற்று பம்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.
5. சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்ஜியம் காட்டணும். காட்டும் வரை தினமும் அளந்து, தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள்.

நான் வாங்கச் சொன்ன நீல மருந்து மெத்திலீன் புளூ. பூஞ்சைக்கு அது பயன்படும். ஆனால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது பதம் பார்த்துவிடும். அதனால் பெரிய தொட்டியில் ஊற்றக் கூடாது, தனித் தொட்டியில் மட்டும்தான்.

இரண்டாவது சோதனை: வெள்ளைப் புள்ளி

மிச்ச மீன்கள் பிழைத்துக்கொண்டன. லீவுக்குப் போனபோது தங்கச்சியைச் சமாதானப்படுத்த நாலு புது கப்பி வாங்கி நேராகத் தொட்டியில் விட்டேன். பத்து நாளில் ரவையைத் தூவின மாதிரி உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். மீன்கள் கல்லில் உரசி உரசி நீந்தின. இந்தத் தடவை நிஜமான நோய். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. சுருக்கமாக 'இக்' என்பார்கள்.

இதன் வாழ்க்கைச் சுழற்சி தெரியாமல் மருந்து போட்டால் பணம்தான் வீண். மூன்று கட்டம் இருக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்குள் புதைந்து வளரும் கட்டம். அங்கே மருந்து எட்டாது. வளர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து, அடியில் கூடு கட்டி நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். கூட்டுக்குள்ளும் மருந்து நுழையாது. குட்டிகள் வெளியே வந்து, அடுத்த மீனைத் தேடி நீந்துகிற கொஞ்ச நேரத்தில்தான் மருந்தோ உப்போ அவற்றைக் கொல்லும்.

அதாவது, புள்ளி மறைஞ்சா நோய் போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஒட்டுண்ணி இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். பெரும்பாலானோர் அன்றைக்கே மருந்தை நிறுத்துகிறார்கள், அடுத்த வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது சிகிச்சையைத் தொடருங்கள். சூடு கூடினால் இந்தச் சுழற்சி வேகமாகும். அதனால் ஹீட்டரால் 29, 30 டிகிரி வரை மெதுவாக ஏற்றலாம். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் காற்று பம்பு அவசியம். அடியில் விழுந்த கூடுகளைக் குழாய் வைத்து அடிக்கடி உறிஞ்சி எடுங்கள். மருந்து போடும்போது ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும்.

உப்புக் கணக்கு

நாங்கள் கல் உப்பைப் பயன்படுத்தினோம். அயோடின் சேர்க்காதது. அளவு லிட்டருக்கு 2 கிராம். இரண்டடித் தொட்டி என்றால் 60 × 30 × 30 செ.மீ., ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். கல், மேலே விட்ட இடைவெளி கழித்து 45 லிட்டர் என்று வையுங்கள். ஆக 90 கிராம். அதைத் தனியே தண்ணீரில் கரைத்து, மூன்று பங்காக்கி ஒரு நாள் முழுக்கப் பிரித்து ஊற்றினோம்.

இங்கேதான் நம்ம மாஸ் பேலன்ஸ் வேலைக்கு வருது. உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதற்கு ஊற்றும்போது உப்பு சேர்க்கவே கூடாது. 10 லிட்டர் எடுத்து மாற்றினால் அந்தப் பத்துக்கு மட்டும் 20 கிராம். மோலியும் கப்பியும் இந்த அளவைத் தாங்கும். செதில் இல்லாத மீன்களும் சில செடிகளும் தாங்காது. அவை இருந்தால் அளவைக் குறையுங்கள், அல்லது நோயுற்ற மீனைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

மறக்கக் கூடாத நாலு விஷயம்

• புது மீனை இரண்டு முதல் நாலு வாரம் தனி வாளியிலோ டப்பாவிலோ வைத்துப் பார்த்த பிறகே தொட்டியில் விடுங்கள். நான் விட்ட கோட்டை இதுதான்.
• ஸ்பாஞ்சைத் தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள்.
• வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள், மீனிடமிருந்து நமக்குத் தொற்றும் கிருமியும் உண்டு.
• வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று வாங்கும் சக்கர் மீன் இப்போது நம்ம ஊர் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இப்படித்தான்.

இரண்டாவது தடவை ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஏனென்றால் தங்கச்சி தினமும் ஒரு நோட்டில் தேதி, சூடு, அம்மோனியா, எத்தனை மீனில் புள்ளி என்று எழுதி வைத்தாள். ஏழாவது நாள் புள்ளி எல்லாம் மறைந்ததும், "போதும், உப்பை எடுத்துடலாமா?"ன்னு நான்தான் கேட்டேன்.

"இன்னும் ஒரு வாரம் இருக்குண்ணா. நீதானே சொன்ன?" என்றாள்.

இப்போ தொட்டிக்கு டாக்டர் அவதான். நான் போனில் கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்.