ஏழைப் பெண்ணின் உழைப்பும் அழகிய கடனும்

வட்டி ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. ஆனால் அது எந்த வாசல் வழியாக ஏழையின் குடிசைக்குள் நுழைகிறது, அந்த வாசலை அடைக்கும் கடமை யார்மீது உள்ளது என்பதைச் சிந்திப்போர் சிலரே. இந்தப் பாடத்தில் அதனை உண்மை நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளங்கிக் கொள்வோம்.

ஜோப்ரா கிராமம்

பங்களாதேஷில் சிட்டகாங் பல்கலைக் கழகத்தை அடுத்துள்ள சிற்றூர் ஜோப்ரா. 1974-ல் அந்நாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதன் பின்னர் 1976-ல் அப்பல்கலைக் கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் முஹம்மது யூனுஸ் அவ்வூர்க் குடிசைகளுக்குச் சென்று ஏழைகளின் நிலையை விசாரித்தார்.

மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண்மணிக்கு மூங்கில் வாங்க 5 டாக்கா தேவை. அது அவரிடம் இல்லை. வியாபாரி கடனாகக் கொடுப்பார். ஆனால் செய்து முடித்த முக்காலியை அவரிடமே 5 டாக்கா 50 பைசாவுக்குக் கொடுத்துவிட வேண்டும். பகலெல்லாம் பாடுபட்டதற்குக் கிடைத்தது 50 பைசா! இப்படிக் கடனில் சிக்கியிருந்த 42 பேரின் மொத்தக் கடனும் 856 டாக்காதான். பேராசிரியர் தம் கைப்பணத்தைக் கொடுத்து அவர்களை விடுவித்தார்.

இதில் வட்டி எங்கே?

"வியாபாரி ஒரு பைசாவும் வட்டி கேட்கவில்லையே!" என்று சிலர் கூறலாம். கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. கடன் கொடுத்தவர் அதைக் காட்டி மலிவு விலைக்குப் பொருளைப் பறிப்பது, பெயர் மாறிய வட்டியே. நம் ஊர்களிலும் முன்பணம் கொடுத்துவிட்டுப் பாயையோ பூவையோ தமக்கே மலிவாகத் தர வேண்டுமென நிபந்தனை விதிப்போர் இதனைக் கவனிக்க வேண்டும்.

வங்கி வளர்ந்தது, வட்டியும் உடன் வந்தது

யூனுஸின் முயற்சி 1983-ல் கிராமீன் வங்கி என்ற தனி வங்கியாயிற்று. ஐந்து பேர் கொண்ட குழு, வாரத் தவணை, ஈடில்லாக் கடன் என்பன அதன் முறைகள். உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2006-ல் யூனுஸுக்கும் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது.

ஏழைப் பெண்ணை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று உலகுக்கு அவ்வங்கி காட்டியது. அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அது வட்டியின் மீதே நின்றது. வட்டியுடன் கூடிய சிறுகடன் இலாப வேட்டையாக மாறினால் என்ன நேரும் என்பதை ஆந்திரம் காட்டிற்று. தவணை வசூலின் நெருக்கடியால் பலர் உயிரை மாய்த்துக் கொண்டதாகச் செய்திகள் வர, 2010 அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

கடன் பெண் பெயரில். பணம் யார் கையில்?

இன்னொரு விஷயமும் உண்டு. பங்களாதேஷில் பெண்கள் பெயரில் வாங்கப்பட்ட கடன்களில் கணிசமான பகுதி கணவர் முதலிய ஆண்களின் ஆதிக்கத்தில் இருந்ததாக 1996-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. தவணை கட்டும் சுமை அவளுக்கு, செலவிடும் அதிகாரம் அவனுக்கு! இதற்கு ஷரீஅத் இடமளிக்கவில்லை.

1. பெண் சம்பாதித்தது பெண்ணுக்கே உரியது என்பதற்குத் திருக்குர்ஆன் 4:32 ஆதாரம். அவள் மனமுவந்து கொடுக்காமல் கணவன் அதை எடுக்க முடியாது.

2. மனைவி சம்பாதித்தாலும் குடும்பச் செலவு கணவனின் கடமையே. அவள் வாங்கிய கடனை அவன் பயன்படுத்தினால் அவளுக்கு அவன் கடனாளி.

3. அவள் விரும்பிச் செலவிட்டாலோ அதற்குப் பெரும் நன்மை உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஜைனப் (ரலி) இதுபற்றிக் கேட்டபோது, உறவைப் பேணிய நன்மை, தர்மம் செய்த நன்மை என இரு நன்மைகள் உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். இது புகாரீயில் உள்ளது.

பள்ளிவாசலில் வழங்கும் கடன்

வட்டியின்றி இது நடக்குமா என ஐயுறுவோருக்கு ஒரு சான்று. பாகிஸ்தானின் லாகூரில் 2001-ல் டாக்டர் முஹம்மது அம்ஜத் ஸாகிப் 'உகுவத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரர்களாக்கியதை நினைவூட்டும் பெயர் அது. முதற்கடன் ஒரு விதவைக்கு அளித்த 10,000 ரூபாய். அதை அவர் திருப்பிச் செலுத்தினார். பள்ளிவாசல்களில் வைத்து வட்டியில்லாக் கடன் வழங்கும் அவ்வமைப்பு இலட்சக்கணக்கான குடும்பங்களை எட்டியுள்ளது. 2021-ல் ஸாகிப் மகசேசே விருது பெற்றார்.

நம் மஹல்லாவின் கடமை

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் அழகிய கடன் நிதி அமையலாம். அதற்குச் சில விதிகள்: கடனை எழுதி, சாட்சி வைக்க வேண்டும் (2:282). பணத்தை அப்பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும். நொடித்தவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும் (2:280). தாமதத்திற்கு அபராதம் வாங்கி நிதியைப் பெருக்கக் கூடாது. நிதியை ஸதகாவினாலும் நன்கொடையினாலும் திரட்ட வேண்டும். ஜகாத்தை ஏழைக்கே உடைமையாக்க வேண்டும், கடனாகச் சுழற்றக் கூடாது. அதே சமயம், கடனில் மூழ்கியவர் ஜகாத் பெறும் எட்டு வகையாருள் ஒருவர் (9:60) என்பதையும் மறக்கலாகாது.

"வட்டி வாங்காதே" என்று மிம்பரில் முழங்கிவிட்டு, தையல் இயந்திரத்திற்குப் பணம் தேடி வரும் விதவையை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால், பாதிக் கடமையைத்தான் செய்தவர்களாவோம். அவள் வாரத் தவணைக்காரரிடம் போனால், அந்தக் குற்றத்தில் வசதியிருந்தும் வாளாவிருந்த நமக்குப் பங்கில்லையா? வசதியுள்ள சகோதரர்கள் சிந்திக்கட்டும்.

ஏழையின் உழைப்பை வட்டியிலிருந்து காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.