முதலில் மோட்டார் தகட்டைப் படியுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

கணபதியில் அப்பா நடத்திய பட்டறையை மூடிவிட்டு, அவர் ஓட்டிய லேத்தை மட்டும் வீட்டுக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ், மோட்டாரோ 2 எச்.பி. த்ரீ பேஸ். அதை மாற்ற மனம் வரவில்லை, விஎஃப்டி டிரைவ் மாட்டினால் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஓடும். இதே நிலையில் பலர் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

டிரைவ் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் மோட்டார் மேல் படிந்திருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டுத் தகட்டைப் படியுங்கள். 1.5 கிலோவாட், 415 வோல்ட், 3.4 ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், 1410 ஆர்.பி.எம். என்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் ஸ்டாரா டெல்டாவா என்பதற்கான குறியும் இருக்கும். அந்தக் குறிதான் உங்களுக்கு முக்கியம். நம் ஊரில் 2 எச்.பி. வரையிலான மோட்டார்களைப் பெரும்பாலும் உள்ளேயே ஸ்டாராகக் கட்டி, மூன்று ஒயரை மட்டும் வெளியே விட்டிருப்பார்கள்.

சிங்கிள் பேஸில் ஓடும் சாதாரண டிரைவ் த்ரீ பேஸ் கொடுக்கும். ஆனால் 230 வோல்ட்தான் கொடுக்கும். 415 வோல்ட் ஸ்டார் மோட்டாருக்கு அது போதாது. முதல்முறை டிரைவ் மாட்டியபோது நான் இதைக் கவனிக்கவில்லை. வெறுமனே ஓடும்போது மோட்டார் அருமையாகச் சுற்றியது. 2 மில்லிமீட்டர் வெட்டு கொடுத்ததும் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மாலைக்குள் காயில் கருகிவிட்டது. வோல்ட்டேஜ் பாதிக்குச் சற்று மேலே நின்றால், சுழற்றும் விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை அந்தக் கருகிய வார்னிஷ் வாடையில்தான் கற்றுக்கொண்டேன்.

இதற்கு வழி இருக்கிறது. ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் உண்மையில் கிடைப்பது 415 அல்ல, 240 வோல்ட்தான். அதே காயில்களை டெல்டாவாக மாற்றிவிட்டால், டிரைவ் தரும் 230 வோல்ட் அப்படியே ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும். டெர்மினல் பாக்ஸைத் திறந்து ஆறு முனைகள் இருந்தால் பித்தளைப் பட்டைகளை மாற்றிப் போட்டாலே போதும். மூன்று ஒயர்தான் என்றால், காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய் ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு ஒயரையும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல கைக்காரர் நூல் கட்டைப் பிரித்து, முடிச்சைத் தேடி எடுத்து, ஸ்லீவ் போட்டுத் தந்துவிடுவார். புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. தகட்டிலேயே 415 டெல்டா என்று இருந்தால் இந்த வழி உதவாது.

இனி ஒயரிங். வீட்டு மின்சாரம் டிரைவின் உள்முனைகளுக்கு மட்டும்தான். யூ, வி, டபிள்யூ என்ற வெளிமுனைகளில் அதைத் தவறிக் கொடுத்தால் டிரைவ் அந்த நொடியே போய்விடும். இந்த அளவு டிரைவ் முழுச்சுமையில் 15 ஆம்பியர் வரை இழுக்கும். அடுப்படி மிக்ஸி பாயிண்டிலிருந்து ஒயர் இழுக்காமல் தனி லைனும் எம்சிபியும் போடுங்கள். எர்த்தை டிரைவுக்கும் மோட்டார் உடலுக்கும் கட்டாயம் கொடுங்கள்.

அப்பா பயன்படுத்திய பார்வர்டு ரிவர்ஸ் சுவிட்ச் இப்போது மோட்டார் லைனிலேயே இருக்கும். அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் எந்தச் சுவிட்சும் கூடாது. ஓடும்போது அங்கே தொடர்பு விட்டு ஒட்டினால் டிரைவின் உள்ளே அடி விழும். அதே கைப்பிடியை டிரைவின் கண்ட்ரோல் முனைகளுக்கு இணைத்துக்கொள்ளலாம். கை பழகிய இடத்திலேயே இருக்கும், சிக்னலை மட்டும்தான் கொடுக்கும்.

செட்டிங்கைப் பொறுத்தவரை, மோட்டாரைப் பற்றி டிரைவுக்கு ஒன்றும் தெரியாது. கம்பெனியிலிருந்து வந்த எண்களை அப்படியே விடாதீர்கள். 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1410 ஆர்.பி.எம். என்று கொடுங்கள். ஆம்பியரை மட்டும் தகட்டில் உள்ளபடி கொடுக்கக் கூடாது. டெல்டாவுக்கு மாற்றியதால் 3.4 என்பது 1.73 மடங்காகி 5.9 ஆகிவிடும். ஆட்டோ டியூனிங் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

நிற்கும் நேரத்தில்தான் லேத்காரர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு நொடியில் நிறுத்த முயன்றால் டிரைவ் ஓவர் வோல்ட்டேஜ் காட்டி ட்ரிப் ஆகும். அதைவிட ஆபத்து, உங்களுடையது பழைய லேத் என்றால் சக் மரையில் ஏற்றியதாக இருக்கும். ஸ்பிண்டில் சட்டென்று நிற்க, கனமான சக் தன் வேகத்தில் மரை கழன்று வெளியே வந்துவிடும். நிற்கும் நேரத்தை 8 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். ரிவர்ஸில் வெட்டவும் வேண்டாம்.

வேகத்தைக் குறைக்க டிரைவ் வந்துவிட்டதே என்று பெல்ட் மாற்றுவதையும் பேக் கியரையும் மறந்துவிடாதீர்கள். கியரில் வேகம் குறைந்தால் விசை கூடும், டிரைவில் கூடாது. 10 ஹெர்ட்ஸில் உங்கள் 2 எச்.பி. மோட்டார் அரை எச்.பி.கூடத் தராது, காற்றாடியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடேறும். பெரிய விட்டம் கடையவும் மரை வெட்டவும் பேக் கியர்தான். டிரைவை 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்ட வேண்டாம்.

டிரைவ் மூடியைத் திறக்க நேர்ந்தால், மெயினை அணைத்தவுடன் கை வைக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும். 10 நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் அப்பா போடும் ஆழத்துக்கே ஒரு வெட்டு போட்டு, டிரைவ் டிஸ்பிளேயில் ஆம்பியரைப் பாருங்கள். 5.9க்குள் நின்றதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்