பழைய கம்ப்யூட்டரைத் தள்ளிவிடலாமா?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கம்ப்யூட்டர். பித்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் குடித்து வந்தாலும் திரை தெளிந்தபாடில்லை. புதியது வேண்டுமென்று பிள்ளைகள் நச்சரிக்கின்றனர். இஃது இன்று பல இல்லங்களில் காணும் காட்சி. சகோதரர்களே, ஆயிரக்கணக்கில் வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுமுன் சற்றே நில்லுங்கள்.

நம்மவருள் பலர் வாணிபம் அறிந்தவர். ஆதலின் கடையைக் கொண்டே விளக்கலாம். கடைக்காரர் முன்னுள்ள மேசை போன்றது ‘ராம்’ எனப்படும் நினைவகம். பின்கட்டிலுள்ள கிடங்கு போன்றது ஹார்ட் டிஸ்க். மேசை சிறிதாயின், எடுத்த சரக்கை மீண்டும் கிடங்கில் போட்டுவிட்டு வேறு சரக்கு எடுத்துவர வேண்டும். கிடங்கும் தொலைவிலிருந்தால் வாடிக்கையாளர் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் தாமதத்திற்குக் காரணம் கிடங்கே. பழைய ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் நிமிடத்திற்கு 7,200 முறை சுழல்கின்றன. ஒரு சிறு கை, தகவல் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்கிறது. ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு. இது பெரிதா என்பீர்கள். கம்ப்யூட்டர் எழும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நடைபெறுகின்றனவே! எஸ்.எஸ்.டி.யிலோ அசையும் பாகமே இல்லை. தேடுவதில் நூறு மடங்கு விரைவு. ஆகவே, முதற் செலவு இதற்கே. இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகை என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய பட்டை வடிவில் வருவது பழைய பலகையில் பெரும்பாலும் பொருந்தாது.

நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே இருப்பின் 8 ஆக்குவது நலம். வீட்டு வேலைக்கு அது போதும். ஏற்கெனவே 8 இருந்தால், 16 வாங்கச் சொல்லும் விற்பனையாளரிடம் புன்னகைத்துவிட்டு வந்துவிடலாம். 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பயன்படுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். டி.டி.ஆர்.3 பட்டைக்கு 240 முனைகள், டி.டி.ஆர்.4க்கு 288. வெட்டும் வேறிடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. இதைப் பாராமல் வாங்கி வந்து, வெட்கத்துடன் கடைக்குத் திரும்பியவன் யான். பழைய பட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டு செல்வது உத்தமம்.

யாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. மறைந்த பெற்றோரின் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், சங்கத்துச் சந்தாக் கணக்கு ஆகியவற்றை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தால் சலிப்பு. இவை போனால் திரும்ப வாரா. அதன்பின் மின்கம்பியை நீக்கி, உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டே உள்ளே கை வையுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமேனும் அழியாமல் வைத்திருங்கள்.

ஒரு குறை உண்டு. அதை மறைப்பது முறையன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல் ஆயின் எட்டாம் தலைமுறைச் சில்லையும் டி.பி.எம். 2.0-வையும் கேட்கிறது. எஸ்.எஸ்.டி. மாற்றினும் இக்குறை தீராது. அத்தகைய பெட்டியில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் பாட வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அவ்வாறே ஓடுகிறது.