ஆகாயத்திலிருந்து வந்த ஆங்கிலப் பேச்சு

மே டே என்றால் நமக்குக் கொடி, ஊர்வலம், லொறியில் டவுனுக்குப் போகும் கூட்டம். ஆனால் ஒரு விமானி ரேடியோவில் 'மேடே, மேடே, மேடே' என்று மூன்று தரம் கூப்பிட்டால், அவர் தொழிலாளர் தினம் கொண்டாடவில்லை. உயிருக்கு ஆபத்து, காப்பாற்றுங்கள் என்கிறார்.

இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் லண்டனுக்குப் பக்கத்தில் குரொய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மொக்போர்ட் என்பவர். 1920களின் தொடக்கம். அங்கிருந்து பாரிசுக்குத்தான் அப்போது நிறைய விமானங்கள் போய்வந்தன. ஆகவே இரண்டு நாட்டாருக்கும் விளங்குகிற மாதிரி, 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஓசையை எடுத்துக்கொண்டார்.

இம்மாதிரிப் பேச்சுக்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வம்புதான். விமானத்துக்குள் நடப்பதை முதலில் விளங்கிக்கொண்டால் கருத்து தானாகவே வரும்.

'ஃபிளையிங் பை த ஸீட் ஒஃப் த பேண்ட்ஸ்' என்பதைப் பாருங்கள். காற்சட்டையின் பின்புறத்தால் விமானம் ஓட்டுவதாம்! பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், அப்போதுதான் ஞாபகம் நிற்கும். ஆரம்ப காலத்து விமானங்களில் கருவிகள் குறைவு. விமானம் சரிகிறதா, இறங்குகிறதா என்பதை ஆசனத்தில் அமர்ந்த உடம்பே சொல்ல வேண்டும். வாட்டிய கொழுந்தைக் கையில் பிடித்துப் பார்த்தே பதம் சொல்லும் பழைய டீமேக்கரும் இந்த ரகம்தான்.

ஆனால் மேகத்துக்குள் போனால் உடம்பு பொய் சொல்லும். 1929இல் அமெரிக்க விமானி டூலிட்டில், வெளியே ஒன்றும் தெரியாதபடி மூடிய அறைக்குள் இருந்து கருவிகளை மட்டும் பார்த்து ஏறி இறங்கிக் காட்டினார். 'ஃபிளையிங் பிளைண்ட்' என்பது அந்தக் குருட்டுப் பறப்பு. விவரம் எதுவும் தெரியாமல் காரியம் செய்கிறவரையும் இப்போது அப்படிச் சொல்கிறார்கள்.

மிகக் கவனம் வேண்டியது 'பெய்ல் அவுட்'. விமானி பரசூட்டுடன் வெளியே குதிப்பது அது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டொலர் கடன் அங்கீகரித்தபோதும் ஆங்கிலச் செய்திகளில் இதே சொல் வந்தது. குதித்து ஓடுவதற்கும் கைகொடுப்பதற்கும் ஒரே சொல்லா? ஆமாம். யார், யாரை என்பதைப் பார்க்க வேணும். கம்பனி 'பெய்ல் அவுட்' பண்ணுகிறது என்றால் பாதியில் கழன்றுகொள்கிறது. கம்பனியை 'பெய்ல் அவுட்' பண்ணினார்கள் என்றால் நட்டத்திலிருந்து மீட்டார்கள். இதை மாற்றி விளங்கினால் ஒரே இரவில் லயத்துக்கு லயம் பொய்ச் செய்தி பரவிவிடும். நோட்டீஸ் வாசித்துச் சொல்லும் தம்பி தங்கச்சிமார் அவசரப்படக் கூடாது.

'கோல்டன் பரசூட்' என்றும் ஒன்று உண்டு. தங்கப் பரசூட். கம்பனி கைமாறி வேலை போனாலும் பெரிய தலைகளுக்குப் பெருந்தொகை கிடைக்கும்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒப்பந்தம். நமது சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் யாராவது இந்தப் பெயரால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை சட்டப்படி நமக்குச் சேர வேண்டிய உரிமை.

பறக்கிற சொல்லெல்லாம் விமானத்திலிருந்து வந்ததுமில்லை. ஓ.எல். பெறுபேறு வந்ததும் 'ஃபிளையிங் கலர்ஸ்' உடன் பாஸ் என்பார்கள். அந்தக் 'கலர்ஸ்' கப்பலின் கொடி. வெற்றியோடு திரும்பிய பாய்க்கப்பலில் பறந்த கொடி அது.